இந்தோனேசியப் பெயர்களின் பழைய, புதிய எழுத்துக்கூட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைக்களஞ்சியக் கட்டுரை, ஆய்வுக் குறிப்பு, பாடநூல், நூலடைவு போன்றவற்றைத் தமிழில் எழுதுபவர்களுக்காக இக்கேள்விகளும் விடைகளும் தொகுக்கப்பட்டுள்ளன. இலத்தீன் எழுத்துகளை அவற்றின் பெயரைச் சொல்லியே இங்குக் குறிக்கிறோம். அந்த நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தை டி என்றும் இருபதாம் எழுத்தை டீ என்றும் எழுதுகிறோம். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு படித்தால் பின்வருவன குழப்பம் தராது.

ஒரே மனிதரின் பெயர் நூலுக்கு நூல் ஏன் வேறு வேறாக அச்சாகியிருக்கிறது?

இந்தோனேசிய மொழியை இலத்தீன் எழுத்தில் எழுதும் முறை இருபதாம் நூற்றாண்டில் மூன்று முறை வகுக்கப்பட்டதே காரணம். 1901இல், டச்சு ஆட்சியின் கீழ், சார்லஸ் வான் ஒப்ஹைசன் என்ற அறிஞர் இரண்டு மலாய் அறிஞர்களின் துணையோடு ஒரு முறையை வகுத்தார். டச்சு மொழி படித்தவர்களின் கண்ணுக்குப் பழகிய முறை அது. விடுதலை அறிவிப்புக்குப் பின், 1947 மார்ச்சில், கல்வி அமைச்சர் சுவாண்டியின் ஆணையால் அதில் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. இதைக் குடியரசு எழுத்துமுறை என்றும் சுவாண்டி எழுத்துமுறை என்றும் வழங்குகிறார்கள். பெரிய மாற்றம் 1972இல் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று குடியரசுத் தலைவர் சுகார்த்தோ 'செம்மைப்படுத்தப்பட்ட எழுத்துமுறை'யை அறிவித்தார். மறுநாள், விடுதலை நாளன்று, அது நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2015இலும் 2022இலும் விதிநூல் திருத்தப்பட்டபோதும் எழுத்துகளின் அடிப்படை மதிப்பு மாறவில்லை.

ஆகவே 1930இல் அச்சான ஒரு பெயரும் 1960இல் அச்சான அதே பெயரும் 1980இல் அச்சான அதே பெயரும் மூன்று தோற்றங்களில் இருக்கக்கூடும். மூன்றில் எதுவும் பிழையன்று.

எந்த எழுத்துக்குப் பதிலாக எந்த எழுத்து வந்தது?

1947இல் நடந்த முதன்மையான மாற்றம் உகர ஒலியைப் பற்றியது. டச்சு வழக்கப்படி ஓ, ஈ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து உகரத்தை எழுதிவந்தார்கள். அதற்குப் பதிலாக யூ என்ற ஒற்றை எழுத்து வந்தது. தொண்டையில் காற்றை நிறுத்தி ஒலிப்பதற்கு இட்டுவந்த மேற்குறி நீங்கி, அந்த இடத்தில் கே எழுத்து வந்தது. ஆச்சே வீராங்கனை சுட் ஞாக் தீன் பெயரின் நடுப்பகுதி பழைய பதிவுகளில் மேற்குறியோடும் இக்காலப் பதிவுகளில் கே எழுத்தோடும் முடிவது இதனால்தான்.

1972இல் மெய்யெழுத்துகள் மாறின. 'பச்சை' என்பதில் வரும் சகர ஒலியை டீ-ஜே என்று எழுதியது போய் சி என்ற ஒற்றை எழுத்தாயிற்று. ஜகர ஒலியின் டி-ஜே வெறும் ஜே ஆயிற்று. அதுவரை தனித்து நின்ற ஜே எழுத்து யகரத்தைக் குறித்து வந்தது. அந்த வேலை வை எழுத்துக்குப் போயிற்று. ஞகர ஒலியின் என்-ஜே, என்-வை ஆயிற்று. எஸ்-ஜே என்பது எஸ்-வை ஆகவும், சி-எச் என்பது கே-எச் ஆகவும் மாறின.

இவற்றுள் மிகுந்த கவனம் வேண்டுவது ஜே எழுத்துதான், ஏனென்றால் அது ஒழிந்துபோகவில்லை. வேறொரு ஒலியின் வேலையை ஏற்றுக்கொண்டு இன்றும் வழக்கில் இருக்கிறது. ஒரு பெயரில் ஜே எழுத்தைக் கண்டவுடன் அது யகரமா ஜகரமா என்று முடிவுசெய்ய முடியாது. அந்தப் பெயர் எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும்.

தமிழில் எழுதும்போது பழைய வடிவத்தைப் பின்பற்றுவதா, புதிய வடிவத்தையா?

இரண்டையும் பின்பற்ற வேண்டாம்; ஒலியைப் பின்பற்றுங்கள். எழுத்து மூன்று முறை மாறியபோதும் மக்கள் தம் பெயர்களை ஒலித்த விதம் மாறவில்லை. ஆங்கிலத்திலோ டச்சிலோ எழுதுபவர் இரண்டு இலத்தீன் வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தமிழில் எழுதும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஏனென்றால் வேறொரு எழுத்தில் ஒலியைப் பெயர்க்கும்போது பழையதும் புதியதும் ஒரே தமிழ் வடிவத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன. இந்த வசதியைப் பயன்படுத்தாமல் இலத்தீன் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தமிழுக்கு மாற்றுவதால்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

1955 ஏப்ரலில் பாண்டுங் நகரில் ஆசிய ஆப்பிரிக்க மாநாடு கூடியபோது இந்தோனேசியாவின் தலைமை அமைச்சராக இருந்தவரின் பெயர் அலி சஸ்த்ரோஅமிஜோயோ. அப்பெயரின் இறுதிப் பகுதியில் பழைய முறைப்படி முதலில் டி-ஜேயும் அடுத்துத் தனி ஜேயும் வருகின்றன. முன்னது ஜகரம், பின்னது யகரம். இதை அறியாதவர் 'அமிட்ஜோஜோ' என்று எழுதிவிடுகிறார். அந்தப் பெயரில் டகரமும் இல்லை, இரண்டாவது ஜகரமும் இல்லை. நேரு கலந்துகொண்ட மாநாட்டை நடத்திய ஒருவரின் பெயர் தமிழில் இப்படிச் சிதைந்து நிற்பது வருத்தத்துக்குரியது. அதிலும், எழுத்தின் வரலாற்றைச் சில நிமிடங்கள் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பிழை அது.

இவ்வாறே முதல் வெளியுறவு அமைச்சர் அக்மத் சுபார்ஜோ பெயரில் சி-எச், ஓ-ஈ, டி-ஜே ஆகிய மூன்று பழைய கூட்டுகளும் இருக்கின்றன. 'அச்மத் சோபர்ட்ஜோ' என்று எழுதினால் மூன்று இடத்திலும் பிழை. முதல் தலைமை அமைச்சர் சுதான் ஷாரிரின் பெயரில் எஸ்-ஜே இருப்பதால் 'ஸ்ஜாரிர்' என்றும், மருத்துவர் சிப்தோ மங்குன்குசுமோவின் பெயர் டீ-ஜேயில் தொடங்குவதால் 'ட்ஜிப்டோ' என்றும் எழுதுவதும் இந்த வகையே.

சகரத்தில் மட்டும் ஓர் இடர்ப்பாடு உண்டு. சொல் முதலில் வரும் தமிழ்ச் சகரத்தைப் பலர் ஸகரம்போல ஒலிப்பதால், 'சிப்தோ' என்பதன் முதல் எழுத்து சுகர்னோவின் முதல் எழுத்தைப்போலவே கேட்கும். சொல் முதலில் ஒற்றெழுத்து இடுவது தமிழ் மரபன்று. ஆகவே பெயர் முதன்முதலாக வரும் இடத்தில் 'பச்சை' என்பதில் உள்ள சகரம் என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும்.

புதிய எழுத்துமுறை வந்தபின் எல்லோரும் தம் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்ததா?

இல்லை. பொதுச்சொற்களும், ஆறு, மலை, தெரு போன்றவற்றின் பெயர்களும் புதிய முறைக்கு மாற வேண்டும் என்று வகுத்த விதி, மனிதர்களின் பெயர்களுக்கும் சட்டப்படி பதிவான அமைப்புகளின் பெயர்களுக்கும் தனிக்காரணம் இருந்தால் விலக்கு அளித்தது. பிறப்புச் சான்று, கையெழுத்து, குடும்ப வழக்கு எனப் பல காரணங்களால் ஏராளமானோர் பழைய வடிவத்தை வைத்துக்கொண்டார்கள். 2009 முதல் 2014 வரை துணைக் குடியரசுத் தலைவராக இருந்த புடியோனோ இன்றும் ஓ-ஈ இட்டே தம் பெயரை எழுதுகிறார். உகரத்தின் பழைய வடிவத்தை 1947இல் நீக்கிய அமைச்சர் சுவாண்டியின் பெயரே இன்றும் பல நூல்களில் அந்தப் பழைய வடிவத்தில்தான் அச்சாகிறது.

ஒருவர் தம் பெயரை எழுதும் வடிவம் அவருக்கு உரியது. இலத்தீன் வடிவத்தைத் தர வேண்டிய இடத்தில் அதைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை. புதிய விதிப்படி 'சரிசெய்து' தருவது உதவியாகத் தோன்றினாலும், அப்படி ஒரு வடிவத்தை அந்த மனிதர் ஒருநாளும் பயன்படுத்தியிராவிட்டால் நாம் அவருக்குப் புதுப்பெயர் சூட்டியவர்களாகிறோம்.

சுகர்னோ, சுகார்த்தோ இருவரின் இலத்தீன் வடிவமாக எதைத் தருவது?

இரண்டு வடிவங்களையும் தருவதே முறை. தம் பெயரை யூ எழுத்தோடு எழுத வேண்டும் என்பதே சுகர்னோவின் விருப்பம். ஆனால் பள்ளியில் டச்சு முறையில் எழுதப் பழகியதாலும், ஐம்பது வயதைக் கடந்தபின் கையெழுத்தை மாற்றுவது எளிதன்று என்பதாலும் கையெழுத்து மட்டும் பழையபடியே தொடர்வதாக அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் விளக்கியிருக்கிறார். அவர் பெயரையும் முதல் துணைக் குடியரசுத் தலைவர் ஹத்தாவின் பெயரையும் தாங்கும் ஜகார்த்தா விமான நிலையமோ பழைய வடிவத்தைக் கொண்டிருக்கிறது. சுகார்த்தோவின் பெயர் இந்தோனேசிய அரசு ஆவணங்களில் ஓ-ஈ இட்டும், ஆங்கில இதழ்களில் யூ இட்டும் வழங்குகிறது. தமிழ்த் தலைப்புக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை.

பெயரின் ஒரு பகுதி புதிதாகவும் மறுபகுதி பழையதாகவும் இருந்தால் அச்சுப் பிழையா?

பெரும்பாலும் இல்லை. 1947க்கும் 1972க்கும் இடைப்பட்ட முறையில் உகரம் புதியதாகவும் மெய்யெழுத்துகள் பழையனவாகவும் இருந்தன. பொருளியலாளர் சுமித்ரோ ஜோயோஹாடிகுசுமோ, வெளியுறவு அமைச்சர் மொக்தார் குசுமாஅத்மாஜா ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் அந்த இடைக்கால வடிவத்தில் நிலைபெற்றவை. யூ எழுத்தும் டி-ஜேயும் ஒரே பெயரில் அருகருகே இருப்பது அந்தக் காலத்தின் முத்திரை. 'ஒருமைப்படுத்துகிறேன்' என்று சொல்லி அதைக் கலைக்கக் கூடாது.

ஆனால் எழுதுபவரே உண்டாக்கும் அரைகுறை மாற்றம் வேறு. ஜோயோஹாடிகுசுமோ பெயரின் தொடக்கத்தில் உள்ள டி-ஜேயை மட்டும் ஜே ஆக்கி, அடுத்து வரும் தனி ஜேயை அப்படியே விட்டுவிட்டால், புதிய முறைப்படி அது 'ஜோஜோ' என்று ஒலிக்கும். எந்தக் காலத்து முறையிலும் சேராத வடிவம் அது. முழுவதும் மாற்றுங்கள், அல்லது தொடாதீர்கள்.

கணினியில் எழுத்துகளை ஒட்டுமொத்தமாக மாற்றிவிடலாமா?

வரிசை தவறினால் பெரும் கேடு விளையும். முதலில் டி-ஜேக்களை ஜே ஆக்கிவிட்டு அடுத்து ஜேக்களை வை ஆக்கினால், புதிதாக உண்டான ஜேக்களும் சேர்ந்து மாறி, அமிஜோயோ 'அமியோயோ' ஆகிவிடுவார். போர்னியோத் தீவின் பஞ்சார்மாசின் நகரத்துக்கும் இதேபோல் நேரும்: பழைய வடிவத்தில் என் எழுத்தை அடுத்து டி-ஜே இருந்தது, டி-ஜே சுருங்கியதும் என்-ஜே என்ற தோற்றம் உண்டாகும், அடுத்த சுற்றில் அதை ஞகரம் என்று கருதி மாற்றினால் ஊரின் பெயரே போய்விடும். தனித்து நிற்கும் ஜேயையும் ஞகரத்துக்குரிய என்-ஜேயையும் முதலில் மாற்றி, டி-ஜேயை இறுதியில் தொட வேண்டும். மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் மனிதக் கண் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கண் பார்க்க வேண்டிய காரணத்தை ஜாவாப் பட்டப்பெயர்களிலும் காணலாம். 1879இல் பிறந்த, பெண் கல்விக்காகக் குரல் கொடுத்த கார்த்தினியின் பெயருக்கு முன் திருமணத்துக்கு முற்பட்ட பதிவுகளில் 'ராடென் அஜெங்' என்றும், பிற்பட்டவற்றில் 'ராடென் ஆயு' என்றும் வரும். பழைய எழுத்தில் முன்னதில் டி-ஜே, பின்னதில் தனி ஜே. இரண்டும் தோற்றத்தில் நெருங்கியிருந்தாலும் குறிக்கும் நிலை வேறு. எழுத்தைப் பிழையாகப் படித்தால் பெயரோடு வாழ்க்கைச் செய்தியும் பிழையாகும்.

ஓ-ஈ வரும் இடமெல்லாம் உகரம்தானா? சி-எச் எப்போதும் ககரமா?

இந்தோனேசியப் பெயர்களில் ஓ-ஈ பெரும்பாலும் உகரமே. ஆனால் இந்தோனேசியாவோடு தொடர்புடைய எல்லாப் பெயர்களும் இந்தோனேசியப் பெயர்கள் அல்ல. டச்சுக்காரர்களின் பெயர்கள் இந்தச் சீர்திருத்தங்களுக்கு உட்பட்டவையே அல்ல. அவற்றை டச்சு ஒலிப்பின்படி எழுத வேண்டும்.

சீன வழியினரின் பெயர்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. ஹொக்கியன், ஹக்கா போன்ற தென்சீன மொழிகளின் ஒலிகளை டச்சு எழுத்துக்கூட்டலில் பதிந்த வடிவங்கள் அவை. செமாராங்கின் சர்க்கரை வணிகர் ஊய் தியோங் ஹாமின் குடும்பப் பெயர் இலத்தீனில் ஓ-ஈ-ஐ என்று மூன்று உயிரெழுத்துகளாக நிற்கிறது. அதை 'ஓயி' என்று படிப்பது தவறு. மேடான் நகரின் சோங் ஆ ஃபீ பெயர் டீ-ஜேயில் தொடங்குகிறது. 1966இல் வந்த அரசு முடிவை ஒட்டிச் சீன வழியினர் பலர் இந்தோனேசியப் பெயர்களை ஏற்றார்கள். தொழிலதிபர் லீம் சியூ லியோங், சுடோனோ சாலிம் ஆனார். இது பெயர் மாற்றம். எழுத்துக்கூட்டலோடு இதைக் கலக்கக் கூடாது. இரண்டு பெயர்களையும் தனித்தனிப் பெயர்களாகவே கட்டுரையில் குறிக்க வேண்டும்.

சி-எச் என்பது கைருல் சாலே பெயரில் ககரத்தை ஒட்டிய உரசொலி. அரபு வழிப் பெயர்கள் சிலவற்றில் அது ஹகரத்துக்கு நிற்பதும் உண்டு. அக்மத் பெயர் புதிய முறையில் பெரும்பாலும் எச் எழுத்தோடு மட்டும் எழுதப்படுவது அதனால்தான். கிறித்தவப் பெயர்களின் தொடக்கத்தில் வரும் சி-எச் ஐரோப்பிய வழக்கு என்பதால் அதைத் தொடவே கூடாது.

ஊர்ப்பெயர்களில் எதைப் பின்பற்றுவது?

இன்றைய ஒலி, இன்றைய பெயர். சுராபாயா, சிரெபோன், சிலசாப், ஜம்பி எல்லாம் எழுத்தில் மாறி ஒலியில் மாறாத ஊர்கள். பழைய நிலப்படத்தில் சுராபாயா ஜே எழுத்தோடு இருப்பதைக் கண்டு 'சுரபஜா' என்ற ஓர் ஊர் இருந்ததாக எழுதிவிடக் கூடாது.

யோக்யகர்த்தா விதிவிலக்கு. அதன் முதல் ஒலி எழுத்தில் யகரமாக நிலைபெற்றிருந்தாலும், பேச்சில் 'ஜோக்ஜா' என்று ஜகரத்தோடும் வழங்குகிறது. பழைய டி-ஜே வடிவம் அந்த ஒலியைக் காட்டுகிறது. இங்கே இரண்டு எழுத்துக்கூட்டல்களுக்குப் பின்னால் இரண்டு ஒலிகளே இருக்கின்றன. கட்டுரையில் யோக்யகர்த்தா என்று எழுதி, வழக்கு வடிவத்தை ஒருமுறை குறிப்பிடலாம்.

பதாவியா ஜகார்த்தா ஆனதும், பொய்டன்சோர்க் போகோர் ஆனதும், மக்காசார் 1971 முதல் 1999 வரை ஊஜுங் பாண்டாங் என்று வழங்கியதும் பெயர் மாற்றங்கள். நிகழ்ச்சி நடந்த காலத்துப் பெயரைச் சொல்லி இன்றைய பெயரை அடைப்புக்குறிக்குள் தருவது இவற்றுக்குப் பொருந்தும். எழுத்து மட்டும் மாறிய ஊர்களுக்கு அது தேவையில்லை.

பல்கலைக்கழகம், மருத்துவமனை, விமான நிலையம் ஆகியவற்றின் பெயர்கள்?

இலத்தீன் வடிவம் தேவையானால், அந்த நிறுவனம் தன் பெயர்ப்பலகையில் எப்படி எழுதுகிறதோ அப்படி. மஜாபாகித் பேரரசின் அமைச்சர் கஜா மாடாவை இன்றைய வரலாற்று நூல்கள் புதிய முறையில் எழுதுகின்றன. 1949இல் தொடங்கிய கஜா மாடா பல்கலைக்கழகம் டி-ஜேயை விடவில்லை. பாண்டுங்கின் பஜாஜாரான் பல்கலைக்கழகம் அப்படியே. அதன் பெயருக்கு மூலமான அரசோ புதிய வடிவத்தில் எழுதப்படுகிறது. ஜகார்த்தாவின் நெடுஞ்சாலை ஒன்றில் தளபதி சுடிர்மான் யூ எழுத்தோடும், புர்வோகெர்த்தோ பல்கலைக்கழகத்தில் ஓ-ஈயோடும் இருக்கிறார். 1957 டிசம்பர் 13 அன்று தீவுகளுக்கு இடைப்பட்ட கடலை நாட்டின் பகுதியாக அறிவித்த தலைமை அமைச்சர் ஜுவாண்டா தம் பெயரை டி-ஜே இட்டு எழுதியவர்; சுராபாயாவுக்குச் சேவை செய்யும் விமான நிலையம் அவரை ஜே எழுத்தால் மட்டும் குறிக்கிறது. தமிழில் இவர்கள் அனைவருக்கும் ஒரே வடிவம்.

திபோநெகோரோ, திபாநெகாரா: இதுவும் பழையது, புதியது என்ற வேறுபாடா?

அன்று. டச்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஜாவா இளவரசர் ஒருவரின் பெயர் இது. ஜாவா மொழியில் சில இடங்களில் வரும் அகரம் ஓகரத்தை ஒட்டி ஒலிக்கும். ஜாவா இலக்கண வழக்கில் எழுதுவோர் அதை அகரமாகவும், ஒலிப்பின்படி எழுதுவோர் ஓகரமாகவும் எழுதுகிறார்கள். இரண்டு வழக்குகளும் அருகருகே வாழ்கின்றன. 1947, 1972 விதிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. செமாராங் பல்கலைக்கழகத்தின் பெயரில் நிலைபெற்ற ஓகர வடிவத்தையே தமிழில் தலைப்பாகக் கொள்ளலாம் என்பது என் முடிவு.

மலேசியாவின் பழைய மலாய்ப் பெயர்களுக்கும் இதே அட்டவணை பொருந்துமா?

பொருந்தாது. மலேசியாவும் 1972இல் இதே புதிய முறைக்கு வந்தது என்றாலும் அது புறப்பட்ட இடம் ஆங்கில வழக்கு. அங்கே பழைய சி-எச் என்பது 'பச்சை' என்பதில் வரும் சகரம். இந்தோனேசியாவில் பழைய சி-எச் ககர உரசொலி. ஆச்சே என்ற ஒரே நிலப்பகுதி மலாயா நூல்களில் சி-எச் இட்டும், டச்சு ஆட்சிக்கால இந்தோனேசிய நூல்களில் டீ-ஜே இட்டும், இன்று சி இட்டும் காணப்படுகிறது. நூல் எங்கே அச்சானது என்பதைப் பார்த்தபின்பே எழுத்தைப் படியுங்கள்.

பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது எழுத்தைப் புதுப்பிக்கலாமா?

கூடாது. தமிழ்நாட்டில் 1978இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தம் சில எழுத்துகளின் உருவத்தை மட்டுமே மாற்றியது. ஆகவே பழைய தமிழ் நூலைப் புதிய உருவங்களில் அச்சிடும்போது எழுத்து எதுவும் மாறுவதில்லை. இந்தோனேசியாவில் மாறியது எழுத்தே என்பதால் அந்த உரிமையை இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. 1945 ஆகஸ்ட் 17 விடுதலை அறிவிப்பில் 'அறிவிக்கிறோம்' என்ற பொருளுள்ள சொல் ஞகரத்துக்கு என்-ஜே இட்டே இருக்கிறது. ஆண்டோ ஜப்பானியக் கணக்குப்படி 05 என்று இருக்கிறது. இலத்தீனில் மேற்கோள் தருபவர் இரண்டையும் அப்படியே விட வேண்டும். தமிழில் ஒலிபெயர்த்துத் தருபவர் ஒலியை எழுதலாம். 1907இல் தொடங்கிய 'மெடான் பிரியாயி' போன்ற இதழ்களின் பெயருக்கும் இதுவே விதி. அதைப் 'பிரிஜாஜி' என்று எழுதுவது பொருளற்றது.

நூலடைவிலும் தேடலிலும் என்ன செய்வது?

தமிழ் அகரவரிசையில் ஒரே பதிவு. அதன் கீழ் அறிந்த எல்லா இலத்தீன் வடிவங்களும். பழைய செய்தித்தாள்களைத் தேடும்போது எல்லா வடிவங்களையும் இட்டுத் தேடுங்கள். 1908 மே 20 அன்று தொடங்கிய புடி உதோமோ அமைப்பைப் புதிய எழுத்தில் மட்டும் தேடுபவருக்கு அதன் சமகாலப் பதிவுகள் ஒன்றும் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் அந்தப் பெயரின் இரண்டு சொற்களிலும் ஓ-ஈ இருந்தது.

எழுத்துக்கூட்டலைக் கொண்டு இரண்டு மனிதர்களைப் பிரித்தறியலாமா?

இந்தப் பழக்கத்தை விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சுராபாயாவோடு தொடர்புடைய சுதோமோக்கள் இருவர். ஒருவர் புடி உதோமோவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மருத்துவர் (1888–1938). மற்றவர் 1945 நவம்பர் சுராபாயாப் போரில் வானொலி உரைகளால் மக்களைத் திரட்டியவர் (1920–1981). முன்னவரை ஓ-ஈ இட்டும் பின்னவரை யூ இட்டும் எழுதும் வழக்கு பரவலாக இருப்பதால், எழுத்தைப் பார்த்தே ஆளை முடிவுசெய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இருவருமே 1947க்கு முன் பிறந்தவர்கள். இருவர் பெயரும் இரண்டு விதமாகவும் அச்சாகியிருக்கிறது. மூலத்தில் உள்ள ஆண்டையும் செயலையும் பார்த்தே ஆளைத் தீர்மானிக்க வேண்டும். தமிழில் இருவரும் 'சுதோமோ' என்றே வருவதால், முன்னவரை 'மருத்துவர் சுதோமோ' என்றும் பின்னவரை மக்கள் அழைத்தபடி 'புங் தோமோ' என்றும் தலைப்பிடலாம். சுராபாயாவின் பெரிய அரசு மருத்துவமனை தாங்குவது மருத்துவரின் பெயரை.